டிராக்டர் என்ற பெயரில்

ஸ்வீடனின் வடக்கே எங்கள் ஓங்கே ஊரில் பெரிட் நூர்லிங்கின் முகத்தைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் அவள் இருந்த காலமெல்லாம், "நாளைக்கு உங்க முறை, மறந்துடாதீங்க" என்று ஊரிலுள்ள எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டு நினைவூட்டியது அவள்தான். அவள் ஓய்வு பெற்றதும் அந்த வேலையைக் குறுஞ்செய்தி எடுத்துக்கொண்டது. அதன்பிறகு வீட்டுக்கு வெளியே அவள் குரலைக் கேட்டவர்கள் மளிகைக் கடையில் பணம் வாங்கும் பெண்ணும் நானும்தான்.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் துணி துவைக்கும் அறை இருக்கிறது. எங்கள் இருவர் முறையும் அடுத்தடுத்து வரும். அவள் தன் போர்வைகளை எடுத்து மடிக்கும் நேரத்தில் நான் என் துணிகளோடு போய் நிற்பேன். போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு பேசுவோம். இந்த விஷயமும் அப்படித்தான், துண்டு துண்டாக, ஒரு குளிர்காலம் முழுவதும் எனக்குத் தெரியவந்தது.

அவள் கணவர் ஹோக்கன் சரக்கு ரயில் ஓட்டியவர். மரக்கட்டை ஏற்றிய வண்டிகளைக் கடற்கரை ஆலைகளுக்குக் கொண்டுபோய்விட்டு வீட்டுக்கு வந்தால், மறுபடி வண்டி ஓட்ட உட்கார்ந்துவிடுவார். இது கணினியில் ஓட்டும் வண்டி. நான்கு பேர் சேர்ந்து ஒரு டாங்கியை இயக்கும் விளையாட்டு. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் சுட வேண்டும், ஒருவர் குண்டு எடுத்துப் போட வேண்டும், ஒருவர் மேலே தலையை நீட்டி வழி சொல்ல வேண்டும். ஹோக்கன் ஓட்டுநர். விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் டிராக்டர். வழி சொல்பவர் பிரேபன், டென்மார்க்கில் எஸ்பியர் துறைமுகத்தில் மின்வேலை பார்ப்பவர். சுடுபவர் ஒட்வார், நார்வேயில் ஆடு வளர்ப்பவர். குண்டு போடுபவள் மலின், ஸ்வீடனிலேயே தெற்கே எங்கோ நர்ஸாக இருந்தவள். இந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

ஹோக்கனுக்குக் காதை மூடும் ஹெட்போன் பிடிக்காது. அதனால் அவர்கள் பேச்செல்லாம் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்கும். பெரிட் பக்கத்து நாற்காலியில் காலுறை பின்னிக்கொண்டோ குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். பிரேபனின் இருமல், ஒட்வாரின் நாய், மலினின் குழந்தை அழுகை எல்லாம் அவளுக்குப் பழக்கம். அந்த விளையாட்டின் ஒவ்வொரு பாலமும் சேற்றுப் பள்ளமும்கூடத் தெரியும். ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அவள் காபி கொண்டுவந்து வைக்கிற ஒரு கோப்பைச் சத்தம் மட்டுமே.

மார்ச் மாதத்தில் ஒருநாள், ரயில் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில், காரின் மேலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஹோக்கன் விழுந்தார். இதயம். பிள்ளைகள் கிடையாது. சவ அடக்கத்துக்கு யேவ்லேயிலிருந்து பெரிட்டின் அக்கா வந்து, சாண்ட்விச் கேக்கில் மிச்சமிருந்ததைப் பொதிந்து வைத்துவிட்டு மறுநாள் ரயிலில் போய்விட்டாள்.

அந்த மூவரிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் பெரிட் கணினியைத் திறந்தாள். ஹோக்கன் பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் சேர்த்த பெரிய கறுப்புப் பெட்டி அது. கடவுச்சொல் எதுவும் கேட்காமல் தானே விளையாட்டுக்குள் போய் நின்றது. என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது என்று அவள் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பதற்குள் ஸ்பீக்கரில் பிரேபனின் குரல் வந்துவிட்டது.

"வந்துட்டான்யா டிராக்டர். எங்கடா தொலஞ்ச இத்தன நாளா? ஏறு ஏறு, ஆளில்லாம தவிக்கறோம்."

அவள் எழுதினாள்: மைக் கெட்டுப்போச்சு.

"உன் வாய் மூடினா நல்லதுதான். ஓட்டு."

அவள் ஓட்டினாள். நேராகப் போய் ஒரு கிணற்றில் இடித்தாள். மூவரும் சிரித்தார்கள். கையில் வலி என்று எழுதினாள். இன்று ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முடிந்ததும் மலின், "டிராக்டர், நீ இல்லாம நல்லாவே இல்லப்பா" என்றாள். பெரிட் கணினியை அணைத்துவிட்டாள். அந்த வீட்டில் ஹோக்கன் இல்லாத ஒரு வாரத்தில் அவள் கேட்ட முதல் சிரிப்புச் சத்தம் அது என்று எனக்குச் சொன்னாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்பது மூன்று வருஷம் ஆயிற்று.

நான் அவளிடம் கேட்டேன், அதெப்படி மூன்று வருஷம் ஒரு செத்த மனுஷன் பெயரில் பேசிக்கொண்டிருக்க முடியும் என்று. பேசவில்லை, தட்டச்சுதான் செய்தேன் என்றாள். ஹோக்கன் அதிகம் பேசாத ஆள், அதனால் கஷ்டமில்லை என்றாள். அவர் பிறந்தநாளுக்கு மூவரும் வாழ்த்தியபோது நன்றி எழுதியிருக்கிறாள். பிரேபன் எப்போதாவது, "வீட்டம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பாராம். நல்லா இருக்கா, காலுறை பின்றா என்று எழுதுவாளாம். இதைச் சொல்லும்போது அவள் போர்வையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தான் எப்படி இருக்கிறாள் என்று அந்த வருஷங்களில் அவளிடம் கேட்டது அந்த ஒரு ஆள்தான். அதையும் வேறொருவரிடம் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டார்.

போன இலையுதிர் காலத்தில் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். ஏமாற்றி விளையாடுபவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் இனிமேல் செக்யூர் பூட் இல்லாத கணினிகளை உள்ளே விடமாட்டோம் என்று. கணினி கண் விழிக்கும்போதே, உள்ளே வருகிற மென்பொருள் யோக்கியமானதுதானா என்று முத்திரை பார்த்து அனுமதிக்கிற காவல் அது. புதுக் கணினிகளில் தானாகவே இருக்கும். ஹோக்கனின் பெட்டி பழையது. அதில் அந்தக் காவல் தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த விவகாரமெல்லாம் அத்துப்படியாயிருந்த பிரேபன் எழுத்தில் வழி சொன்னார். முதல் பாதி நல்லபடியாக முடிந்தது. ஹார்ட் டிஸ்கைப் புது முறைக்கு மாற்றும் கட்டளையை அவர் அனுப்ப, பெரிட் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தாள். இரண்டாவது பாதிதான் சங்கடம்.

"இனிமே பயாஸ்குள்ள போகணும். உன் மிஷின் இன்னும் பழைய முறையிலதான் எழுந்திரிக்குது, அத நிறுத்தணும். உள்ள போய்ட்டா நீ எனக்கு டைப் பண்ண முடியாதுடா. உன் நம்பர் குடு, போன்ல சொல்றேன்."

போனும் கெட்டுவிட்டது என்று எழுதினாள்.

"மைக் போச்சு, போன் போச்சு. குகைக்குள்ளயா குடித்தனம் பண்ற?" என்றார் பிரேபன். தன் எண்ணைச் சொல்லி, யாரிடமாவது இரவல் வாங்கியாவது கூப்பிடு என்றார். அவள் அதைக் குறுக்கெழுத்தின் ஓரத்தில் கிறுக்கி வைத்தாள். கூப்பிடும் எண்ணமில்லை.

மறுநாள் காலை, காபி குடித்துவிட்டு, கணினி முழுதாக எழும் முன்பே திறக்கிற அந்த அமைப்புத் திரைக்குள் தானே போனாள். நீலத் திரை, எல்லாம் ஆங்கிலம். பழைய முறை என்றிருந்ததைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். சேமித்து வெளியே வந்தாள். திரை கறுப்பானது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளமான பீப், பிறகு மூன்று குட்டைப் பீப். அணைத்துப் போட்டாள். மறுபடி அதே. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, துணி துவைத்துவிட்டு வந்து போட்டாள். அதே.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் வாயைத் திறந்தாள். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்றாள். சுண்ட்ஸ்வாலில் பழுது பார்க்கிற கடை இருக்கிறதே என்றேன். அவள் ஏற்கனவே விசாரித்திருந்தாள். இவ்வளவு பழசுக்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்களாம்.

"புதுசு வாங்கிக்கயேன்" என்றேன். "அப்படி என்ன இருக்கு அதுல?"

"பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது" என்றாள். "அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும். அத அழிச்சுட்டா நான் திரும்ப உள்ள போகவே முடியாது."

எங்கே போக முடியாது என்று கேட்டபோதுதான் கதை வெளியே வர ஆரம்பித்தது. நான் திட்டவில்லை. மேலே வந்து காபி குடி என்றேன். அவள் வரவில்லை.

அந்த நாட்களில் அவள் வீட்டில் சத்தமே இருக்காது. முன்பெல்லாம் செய்தி முடிந்ததும் சுவர் வழியாகக் குண்டுச் சத்தமும் யாரோ டேனிஷில் கத்துவதும் கேட்கும். ஏதோ படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது குழாய்த் தண்ணீர் ஓடும் ஓசைதான். மேஜை முன்னால், கறுத்த திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்றாள். அந்த மூவரின் முழுப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவர்கள் தேடினாலும் இன்னாரைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது. டிராக்டர் என்றொருவன் வரவில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் போல ஆனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவள் அந்தக் குறுக்கெழுத்தை எடுத்து, ஓரத்திலிருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

பிரேபன் தன் பெயரை மட்டும் சொல்லிப் போனை எடுத்தார். கூடவே இருமல். அவர் டேனிஷ், இவள் ஸ்வீடிஷ். ஹோக்கனோடு பேசிப் பேசி எங்கள் வடக்கத்திப் பேச்சு அவருக்குப் பழகியிருந்தது. டிராக்டரின் கம்ப்யூட்டர் விஷயமாகக் கூப்பிடுகிறேன் என்றாள் பெரிட்.

"நீங்க அவன் வீட்டம்மாவா? என்னம்மா ஆச்சு அவனுக்கு? ஆளையே காணோமே."

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்கு. அதான் நான் பேசறேன்."

"சரி, என்ன பண்ணி வச்சிருக்கான், சொல்லுங்க."

அவள் பீப் சத்தத்தைச் சொன்னாள். பிரேபனுக்கு அது போதுமானதாக இருந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் காட்டுகிற கார்டுதான் பழசு, பழைய முறையை நிறுத்திவிட்டால் அதற்கு எழுந்திருக்கத் தெரியாது என்றார். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை நேராக மதர்போர்டில் செருகினால் படம் வரும். டிராக்டரையே செய்யச் சொல்லுங்கள், தொண்டைதானே போயிற்று, கை இருக்கிறதே என்றார். நானே செய்கிறேன் என்றாள் பெரிட்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசு, பஞ்சு பஞ்சாக. கார்டின் திருகைக் கழற்றி, ஓரத்திலிருந்த சின்னத் தாழ்ப்பாளை அழுத்தி, இரண்டு கையாலும் அசைத்து இழுத்தாள். எங்கே அழுத்த வேண்டும், எந்தத் துளையில் செருக வேண்டும் என்று பிரேபன் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இவ்வளவு இதமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. பீப் இல்லை. நீலத் திரை வந்தது.

"வந்துடுச்சு" என்றாள்.

பிரேபன் சிரித்தார். "பேசாம அவனுக்குப் பதிலா நீங்களே வண்டி ஓட்ட வந்துடுங்கம்மா. கொஞ்ச வருஷமா அவன் ரொம்பப் பயந்து பயந்து ஓட்டறான். போன அவன் காதுல வைங்க. அவன் பேச வேணாம், நான் ரெண்டு திட்டு திட்டறேன், கேட்டுக்கட்டும்."

பெரிட் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"பிரேபன், அவர் இல்ல."

"வெளிய போயிருக்கானா?"

"செத்துட்டாரு."

"எப்ப?" என்றார் பிரேபன்.

"மூணு வருஷத்துக்கு முன்னால. மார்ச்ல."

"அப்ப இத்தன நாளா வண்டி ஓட்டினது?"

"நான்தான்."

பிறகு அவர் பேசினார், மின்சார அலுவலகத்தில் புகார் எடுத்துக்கொள்கிறவரைப் போல.

"செக்யூர் பூட்னு ஒரு பக்கம் இருக்கும். அதுக்குள்ள ஃபேக்டரி கீஸ்னு, கம்பெனி போட்ட முத்திரை ஒண்ணு. மொதல்ல அதப் போடுங்க. இல்லன்னா ஆன்ல இருக்கறமாதிரி காட்டும், ஆனா வேல செய்யாது. போட்டுட்டு ஆன் பண்ணி, சேவ் பண்ணி வெளிய வாங்க. அவ்வளவுதான்."

இணைப்பு அறுந்தது.

அவர் சொன்னபடியே செய்தாள். எல்லாம் சரியாக வந்தது. விளையாட்டு அவளை உள்ளே விட்டது. பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளிகள், மூவரும் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களோடு நான்காவதாக வேறு ஒரு பெயர் ஏறியிருந்தது. கார்டு இல்லாததால் படம் விட்டு விட்டு ஓடியது, பழைய கல்யாண வீடியோ மாதிரி. அவள் கொஞ்ச நேரம் தனியாக வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு அணைத்தாள்.

மற்ற இருவருக்கும் அவளே எழுதினாள். பிரேபன் சொல்லட்டும் என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஒட்வார், எங்கே புதைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி கேட்டார். மலின்தான் நீளமாக எழுதினாள். இடையில் ஒரு வருஷம் மலினுக்குப் புருஷனோடு பெரிய பிரச்சினை. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு டிராக்டருக்கு மட்டும் எழுதி அழுவாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போ என்று டிராக்டர் சொல்லித்தான் போனாள்.

"நான் யார்கிட்ட அழுதேன்? எங்கப்பா மாதிரி ஒருத்தர்னு நெனச்சேன். அவர் அப்பவே மண்ணுக்குள்ள இருந்திருக்காரு. உங்களுக்கு ஒரு தடவகூடச் சொல்லணும்னு தோணலயா?"

பெரிட் பலமுறை எழுதி அழித்து, கடைசியில், "நான் உனக்குச் சொன்னதெல்லாம் நெசம், பேர் மட்டுந்தான் பொய்" என்று அனுப்பினாள். பதில் வரவில்லை. அந்த வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டாள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். ஆனால் மலினின் இடத்தில் நான் இருந்தாலும் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தன் சொந்தப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, தெரியாத ஆட்களோடு ஏறிப் பார்த்தாள். படம் தடுக்கித் தடுக்கி வர, அவர்கள் பாதி ஆட்டத்திலேயே அவளை இறக்கிவிட்டார்கள். அப்புறம் விட்டுவிட்டாள். என்னோடு ஒருமுறை தேவாலயத்தில் சூப் கொடுக்கிற மதிய விருந்துக்கு வந்தாள். எல்லோரும் அவள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "ஓ, பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு" என்றார்கள். அடுத்தமுறை அவள் வரவில்லை.

ஜூன் மாதத்தில் ஒட்வார் வந்தார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, மலையைத் தாண்டிக் காரில் வந்தார். பெரிட் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். அவர் பழுப்புப் பாலாடைக் கட்டி கொண்டுவந்தார். நான் கல்லறைவரை அவர்களோடு போனேன். ஒட்வார் தொப்பியைக் கழற்றிவிட்டு, கல்லில் இருந்த பெயரை உதடு அசையப் படித்தார். ஹோக்கன் என்ற பெயரை அவர் அன்றுதான் எழுத்தில் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் குரல் அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், அவள் குரல் அவருக்கு அன்றைக்குத்தான் அறிமுகம். நாயைப் பற்றிக் கேட்டாள். அது போன வருஷமே செத்துவிட்டது, இப்போது வேறு நாய் என்றார். ரொட்டி நன்றாயிருக்கிறது என்றார். மழை வருமா என்று இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

கிளம்பும் முன்பு காரிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி எடுத்து வந்தார். உள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு. புதிது இல்லை, ஆனால் ஹோக்கனுடையதைவிட இளையது. பிரேபன் அனுப்பியது. ஒட்வாரே முழங்காலிட்டுப் பெட்டியைத் திறந்து அதைப் பொருத்தினார். பீப் எதுவும் இல்லாமல் படம் வந்தது.

"என்ன சொன்னாரு பிரேபன்?" என்று பெரிட் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலங்க. இதக் குடுத்துடுன்னான். படம் தடுக்குதான்னு மட்டும் கேட்டான்."

இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூப்பிடுகிறார்கள். புது ஓட்டுநர் ஒரு கல்லூரிப் பையன். அவனுக்குப் பரீட்சையோ காதலியோ இருக்கிற நாளில் இடம் காலியாகும். பெரிட் கடையில் ஒரு மைக் வாங்கியிருக்கிறாள். தன் பெயரிலேயே ஏறுகிறாள். மலின் வருகிறாள், ஆனால் ஆட்டம் முடிந்ததும் உடனே போய்விடுகிறாள். பிரேபன் வழி சொல்கிறார்: இடது பக்கம், மெதுவா, நிறுத்துங்க. செத்துப்போன டிராக்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போன வாரம் துணி அறையில் எப்படிப் போகிறது என்று கேட்டேன். நல்லா ஓட்டறேன், இப்பல்லாம் கிணத்துல இடிக்கறதே இல்ல என்றாள். போர்வையின் முனையை என்னிடம் கொடுத்தாள், இருவரும் இழுத்து உதறினோம்.

"யாரும் திட்டறதே இல்ல" என்றாள். "தப்பா போனாக்கூட, பரவால்லங்கன்னு சொல்றாங்க."

என் துணிகளைப் போட வேண்டிய நேரமாகிவிட்டது. அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.